தங்க வந்தவர் கற்றுத் தரும் பாடம்

வட இந்திய நகரங்களில் வீடற்றோர் இரவைக் கழிக்கும் விடுதிக்கு ‘ரைன் பசேரா’ என்று பெயர். ‘ரைன்’ என்றால் இரவு. ‘பசேரா’ என்றால் தங்குமிடம். அந்தி சாயும் வேளையில் பறவைகள் வந்து அடையும் இடத்தையும் அதே சொல்லால் குறிப்பார்கள். வந்தடையும் பறவையிடம் மரம் எதையும் கேட்பதில்லை. விடிந்ததும் பறந்து செல்லும் பறவை மரத்திடம் நன்றி கூறி விடைபெறுவதும் இல்லை. இந்தப் பெயரின் பொருளை உள்ளபடி உணர்ந்து அங்கே தொண்டு செய்வது அத்தனை எளிதன்று. தொண்டு செய்ய வருபவர் பலர், தாம் மரம் என்பதை மறந்து வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுகிறார்கள்.

தில்லியில் யமுனைக் கரையோரம், நிகம்போத் கட்டத்தின் அருகில், காஷ்மீரி கேட் பகுதியில், ஜும்மா மசூதியைச் சுற்றி என இத்தகைய விடுதிகள் பல உள்ளன. மாலை மங்கியதும் அங்கே வந்து சேர்பவர்களைப் பிச்சைக்காரர்கள் என்று எண்ணுவோர் உண்டு. அவர்களுள் மிகப் பலர் உழைப்பாளிகள். பீகார், உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களின் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். சைக்கிள் ரிக்‌ஷா மிதிப்பவர், காரி பாவ்லி சந்தையில் மசாலா மூட்டை சுமக்கும் ‘பல்லேதார்’, விடியற்காலையில் தெருமுனையில் நின்று கட்டட வேலைக்கு ஆள் பிடிப்போரின் வருகைக்காகக் காத்திருப்பவர் எனப் பலவகையினர். கல்யாணப் பருவத்தில் விருந்துகளில் ரொட்டி சுடுவோரும் பரிமாறுவோரும் பாத்திரம் துலக்குவோரும் இவர்களுக்குள் உண்டு. ஐந்நூறு விருந்தினருக்குத் தந்தூரி ரொட்டி சுட்டுவிட்டு வந்தவர், நள்ளிரவில் ஒரு கம்பளிக்காக வரிசையில் நிற்கிறார். இதைக் கண்ணால் கண்ட தொண்டர் எவரும் ‘நான் இவருக்குச் சோறு போடுகிறேன்’ என்று நினைக்கச் சற்றே தயங்குவார்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் வீடற்றோர் சுமார் 17.7 லட்சம் பேர். அவர்களுள் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் நகரங்களில் வாழ்ந்தவர்கள். 2010-ஆம் ஆண்டு ஜனவரியில், தில்லியின் கடுங்குளிரில் வீடற்றோர் படும் துன்பத்தை உச்ச நீதிமன்றம் கருத்தில் கொண்டு, இரவு விடுதிகளை அமைக்குமாறு ஆணையிட்டது. 2013-இல் தொடங்கப்பெற்ற தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், ஒரு லட்சம் மக்களுக்கு நூறு பேர் தங்கும் அளவில் நிரந்தர விடுதிகள் வேண்டும் என்றும், ஒருவருக்குக் குறைந்தது ஐம்பது சதுர அடி இடம் வேண்டும் என்றும், விடுதி இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்றும் வரையறை செய்தது. ஐம்பது சதுர அடி என்பது ஒரு பாய் விரித்து, பக்கத்தில் ஒரு பை வைத்துக்கொள்ளக் கூடிய இடத்தைவிடச் சற்றே பெரிது. அந்த இடத்தில்தான் ஒரு மனிதரின் இல்லறம், சேமிப்பு, நோய், கனவு அனைத்தும் அடங்க வேண்டும்.

பதிவேடு

விடுதியின் வாயிலில் ஒரு பதிவேடு இருக்கும். பெயர், தந்தை பெயர், வயது, ஊர், வந்த நேரம், கையெழுத்து அல்லது கைநாட்டு. புதிதாக வரும் தொண்டருக்குப் பெரும்பாலும் முதலில் தரப்படும் வேலை இதுவே. எளிய வேலை என்று எண்ணி அவர் விரைவாக எழுதுகிறார். ஊர் என்ற கட்டத்தில் ‘பீகார்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். வரிசை நீளமாக இருக்கிறதே என்பது அவருடைய நியாயம்.

ஆனால் பீகார்க் கிராமத்து மனிதரிடம் ஊரைக் கேட்டால் அவர் நான்கு படிகளாகவே சொல்லுவார்: ‘கிராம்’ இன்னது, ‘போஸ்ட்’ இன்னது, ‘தானா’ இன்னது, ‘ஜில்லா’ இன்னது. கிராமம், அஞ்சலகம், காவல் நிலையம், மாவட்டம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இந்த நான்கையும் மந்திரம்போல் ஒப்பிப்பார். ஊரைவிட்டுப் புறப்பட்ட நாளில் தாயோ தந்தையோ மனப்பாடம் செய்வித்து அனுப்பிய முகவரி அது. நகரத்தில் அவருக்கென்று இருக்கும் உடைமைகளில் யாராலும் திருட முடியாதது அதுவொன்றே. அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து நான்கையும் எழுதுவதற்கு அரை நிமிடம் கூடுதலாகும்.

அந்த அரை நிமிடத்தின் மதிப்பு ஜனவரி மாதத்தில் தெரியவரும். குளிர் முற்றிய ஓர் இரவில் உறங்கியவர் காலையில் எழுந்திருக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். காவல் நிலையத்தின் பெயர் பதிவேட்டில் இருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் அங்கிருந்து கிராமத்துக்குச் செய்தி போய்ச் சேரும். ‘பீகார்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அவர் உரிமை கோரப்படாத உடல். ஊரில் மனைவி இன்னும் பல ஆண்டுகள் நெற்றியில் குங்குமத்துடன் அவருக்காகக் காத்திருப்பார். இதை ஒருமுறை அறிந்துகொண்ட தொண்டர், பதிவேட்டில் பிறகு ஒருபோதும் அவசரமாக எழுதுவதில்லை. பூஜையில் நாமத்தைத் திருத்தமாக உச்சரிக்க வேண்டும் என்று எத்தனை கவனம் கொள்கிறோம்! அந்தக் கவனத்துக்கு உரியவையே இந்தப் பெயர்களும்.

பெயரைப் போலவே விளிக்கும் சொல்லும் முக்கியம். இந்தியில் ஒருவரை அழைக்க ‘தூ’, ‘தும்’, ‘ஆப்’ என்று மூன்று படிகள் உண்டு. நம் ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’ போல. ரிக்‌ஷாக்காரர் நாள் முழுவதும் கேட்பது ‘தூ’. முதலாளி, காவலர், சவாரி செய்யும் பள்ளிச் சிறுவன் ஆகிய அனைவரும் அவரை அப்படியே அழைக்கிறார்கள். இரவில் விடுதி வாசலில் ஒருவர் ‘ஆப்’ என்று அழைத்தால் முதல் நாள் அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். வேறு யாரையோ அழைப்பதாக நினைத்துக்கொள்வார்.

உள்ளே வர மறுப்பவர்

புதிய தொண்டரின் பொறுமையைச் சோதிப்பவர் வேறொருவர். அவர் விடுதிக்கு ஐம்பது அடி தொலைவில் நடைமேடையில் படுத்திருப்பார். உள்ளே கட்டில் காலியாக இருக்கும், கம்பளியும் இருக்கும். ‘வாருங்கள்’ என்று இரண்டு முறை அழைத்தும் வரமாட்டார். தொண்டருக்குக் கோபம் எழும். ‘இத்தனை வசதி செய்து கொடுத்தும் இவர்களுக்குப் புத்தி இல்லையே’ என்று வாய்விட்டே சொல்லிவிடுவதும் உண்டு.

அந்தக் கோபத்தை நின்று நோக்குவது நல்ல ஆன்ம சோதனை. குளிரில் ஒருவர் வாடுகிறாரே என்ற இரக்கத்தில் பிறந்த கோபம் அதில் சிறு பங்கு. ‘நான் கொடுப்பதை ஒருவன் மறுப்பதா?’ என்பது பெரும்பங்கு. நன்றியை எதிர்பாராமல் பணி செய்கிறோம் என்று நம்பியவருக்குத் தம்முள் இருந்த எதிர்பார்ப்பு அந்த நடைமேடையின் அருகில்தான் வெளிப்படுகிறது. பலனில் பற்று வைக்காமல் செய்வதே கர்ம யோகம் என்று சத்சங்கத்தில் கேட்டுத் தலையசைப்பது எளிது. பலன் என்றால் பணமும் புகழும் மட்டும் என்று எண்ணி, கொடுத்ததைப் பெற்றுக்கொள்பவரின் மலர்ந்த முகத்தை அந்தக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறோம்.

கோபம் தணிந்தபின் அருகில் உட்கார்ந்து கேட்டால் அவர் காரணம் சொல்லுவார். அவருடைய ரிக்‌ஷா வாடகை ரிக்‌ஷா. வெளியே விட்டுவிட்டு உள்ளே படுத்தால் திருட்டுப் போகும். போனால் அதன் விலையை உரிமையாளருக்குக் கட்ட வேண்டும். ஆகவே அதன் இருக்கையிலேயே முடங்கிக் கிடக்கிறார். இன்னொருவர் மனைவியுடன் வந்திருக்கிறார். ஆண்கள் விடுதியில் ஒருவரும் பெண்கள் விடுதியில் மற்றவரும் பிரிந்து உறங்க மனமில்லை. குடும்பங்களுக்கான தனி விடுதி தொலைவில் இருக்கிறது. மற்றொருவர் சந்தையில் இரவெல்லாம் மூட்டை இறக்குபவர். அவருக்கு உறக்கம் பகலில்தான். காலை எட்டு மணிக்கு விளக்குமாற்றுடன் வந்து எழுப்பிவிடும் விடுதியால் அவருக்கு என்ன பயன்? வேறொருவருக்குச் செருப்புத் திருட்டு அச்சம். ‘செருப்பு போனால் நாளைக்கு வேலை போகும்’ என்பார். ஒரு பழைய செருப்புக்காகக் குளிரில் கிடக்கிறாரே என்று தோன்றும். கட்டட வேலைக்கு வெறுங்காலுடன் வருபவரை மேஸ்திரி சேர்த்துக்கொள்ளமாட்டார் என்பது அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

இந்தக் காரணங்களைக் கேட்டறிந்த விடுதிகள் மாறியிருக்கின்றன. பூட்டும் பெட்டி வைத்தால் பையைத் தலையணையாக வைத்துப் பாதி விழித்து உறங்க வேண்டியதில்லை. ரிக்‌ஷாக்களைச் சங்கிலியில் பிணைத்து நிறுத்த வாயிலருகே இடம் ஒதுக்கலாம். பகலில் உறங்குவோருக்கு ஒரு மூலையைத் திரையிட்டு இருட்டாக்கலாம். செல்பேசிக்கு மின்னேற்றம் செய்யும் துளைகளைக் கூட்டினால் பாதிச் சண்டைகள் ஓய்ந்துவிடும். நாளைய வேலைக்கான அழைப்பு அந்தச் செல்பேசியில்தான் வரும் என்பதால், துளைக்கான சண்டை உண்மையில் கூலிக்கான சண்டை. இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. கேட்காமல் கொடுப்பதற்கும் கேட்டுக் கொடுப்பதற்கும் இடையிலுள்ள தூரமே செலவு.

அரிசியா, ரொட்டியா?

கேட்டுக் கொடுக்கும் பாடத்தைக் கேரளம் 2020-ஆம் ஆண்டில் எல்லோர் கண்முன்னும் கற்றது. வெளி மாநிலத் தொழிலாளர்களை அங்கே அரசே ‘அதிதி தொழிலாளி’ என்று குறிப்பிடுகிறது. அழகான சொல். திதி குறித்துக்கொண்டு வராதவர் என்பதே ‘அதிதி’க்கு மரபாகக் கூறப்படும் பொருள். 2019-இல் பாலக்காடு மாவட்டம் கஞ்சிக்கோட்டில் அவர்களுக்காகத் திறக்கப்பட்ட வாடகை விடுதிக்கும் ‘அப்னா கர்’, அதாவது ‘நம் வீடு’ என்று பெயரிட்டார்கள்.

2020 மார்ச் 24 இரவு நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டதும் வேலை நின்றது, இரயில் நின்றது. முகாம்களும் சமூகச் சமையற்கூடங்களும் விரைந்து தொடங்கப்பட்டன. ஆயினும் மார்ச் 29 அன்று கோட்டயம் மாவட்டம் பாயிப்பாட்டில் தொழிலாளர்கள் பெருந்திரளாகச் சாலைக்கு வந்துவிட்டார்கள். ஊருக்குப் போக வண்டி வேண்டும் என்பது அவர்களுடைய முதல் கோரிக்கை. உணவைப் பற்றிய குறையும் உடன் எழுந்தது. பசித்தவனுக்குச் சோறு கிடைத்தால் போதாதா, அதில் ருசி பார்ப்பதா என்று அப்போது முகம் சுளித்தவர்கள் உண்டு. சிவப்பரிசிச் சோறும் தேங்காயெண்ணெய்த் தாளிப்பும் மலையாளிக்கு அமுதம். கடுகெண்ணெயில் வளர்ந்த நாவுக்கு அது நாள்தோறும் விழுங்க வேண்டிய மருந்து. பிறகு சப்பாத்தி தரப்பட்டது. அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கேரளத்தில் உழைப்போரில் வங்காளத்தாரும் அசாமியரும் ஒடிசாக்காரர்களும் ஏராளம். அவர்கள் சோறு உண்பவர்கள், அவர்களுடைய அரிசிதான் வேறு. ‘வடக்கத்தியார் என்றால் சப்பாத்தி’ என்பதும் கேளாமல் செய்த ஊகமே. மாவும் அரிசியும் பருப்பும் உருளைக்கிழங்கும் கொடுத்து அவர்களையே சமைத்துக்கொள்ளச் செய்த இடங்களில் உணவுப் பேச்சு அடங்கியது.

பல இரவு விடுதிகளில் அடுப்புக்கு இடமில்லை. ‘ஒரே நாடு, ஒரே ரேஷன் அட்டை’ திட்டம் 2022-க்குள் எல்லா மாநிலங்களிலும் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஊர் அட்டையைக் கொண்டு தில்லியில் கோதுமை வாங்கலாம். வாங்கிய கோதுமையை அரைத்துச் சுட அடுப்பு எங்கே? ஒருவர் தாமே சமைத்து உண்பதில் உள்ள நிறைவு எத்தனை பெரியது என்பதை, வெளியூரில் தனியாக வாழ்ந்து பார்த்த எவரும் அறிவர். குருத்வாராக்களின் லங்கரில் பசித்தவரும் பரிமாறியவரும் ஒரே தரையில் ஒரே வரிசையில் அமர்கிறார்கள். வந்தவர் விரும்பினால் எழுந்து சென்று ரொட்டி தேய்க்கலாம், பாத்திரம் துலக்கலாம். யாரும் தடுப்பதில்லை. அங்கே உண்பவரின் தலை குனியாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வண்ணம் பூசியவர்கள்

பெறுபவருக்கும் கொடுக்க வேண்டும் என்ற தாகம் உண்டு என்பதைத் தொண்டர்கள் பல வேளைகளில் மறந்துவிடுகிறார்கள். இராஜஸ்தானத்தின் சீகர் மாவட்டத்தில் பல்சானா என்ற ஊர் இருக்கிறது. 2020 ஏப்ரலில் ஊரடங்கின்போது, அரியானா, மத்தியப் பிரதேசம், குஜராத் முதலிய மாநிலங்களைச் சேர்ந்த 54 தொழிலாளர்கள் அவ்வூரின் அரசுப் பள்ளியில் தனிமைப்படுத்தித் தங்கவைக்கப்பட்டனர். வேளை தவறாமல் உணவு வந்தது, ஊரார் நன்றாகக் கவனித்தனர். சில நாட்களில் அவர்கள் ஒரு வேண்டுகோளை முன்வைத்தார்கள்: ‘சும்மா உட்கார்ந்து சாப்பிட எங்களால் முடியவில்லை. சுண்ணாம்பும் வண்ணமும் வாங்கிக் கொடுங்கள்.’

பள்ளிச் சுவர்கள் வண்ணம் கண்டு பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊராட்சித் தலைவரும் ஆசிரியர்களும் பொருள் வாங்கிக் கொடுத்தார்கள். தொழிலாளர்கள் பள்ளி முழுவதையும் வெள்ளையடித்து வண்ணம் பூசினர். கூலி தர முன்வந்தபோது மறுத்துவிட்டார்கள்.

இங்கே பாராட்டத்தக்கவர்கள் இரு தரப்பிலும் இருக்கிறார்கள். வண்ணம் பூசியவர்களைப் பற்றி அந்நாட்களில் செய்தித்தாள்கள் எழுதின. வேண்டுகோளைக் கேட்டுச் சரி என்றவர்களைப் பற்றி அத்தனை பேச்சில்லை. ‘நீங்கள் விருந்தினர், உங்களுக்கு எதற்குச் சிரமம்?’ என்று மறுத்திருக்கலாம். அது பணிவைப்போல் தோன்றும். அவர்களை என்றென்றும் பெறுபவர்களாகவே வைத்திருக்கும் நுட்பமான அகந்தை அதில் ஒளிந்திருக்கும். விடுதியில் தங்கும் முதியவர் ஒருவர் துடைப்பத்தை எடுத்தால் ஓடிப்போய்ப் பிடுங்குகிறோமே, அதுவும் இதைச் சேர்ந்ததே.

புகைப்படம்

ஒரு செய்தியை மட்டும் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கம்பளி வழங்கும்போது கொடுப்பவரும் பெறுபவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தபடி புகைப்படக் கருவியை நோக்கி நிற்கும் வழக்கம் எங்கும் பரவிவிட்டது. நிதி அளித்தோருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பார்கள். கம்பளிகளை அடுக்கி எண்ணிக்கையுடன் படமெடுத்தாலும் கணக்குத் தெரியும்.

விடுதியில் இரவு ஒன்பது மணிக்குமேல் தொலைபேசிப் பேச்சுகள் காதில் விழும். ‘சாப்பிட்டேன். ரூமில்தான் இருக்கிறேன். நாலு பேர் சேர்ந்து எடுத்திருக்கிறோம், நல்ல ரூம்’ என்று ஒருவர் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் அமர்ந்திருப்பது எண்பது பேர் படுத்திருக்கும் கூடத்தின் தரை. பக்கத்தில் இருப்பவர் எவரும் சிரிப்பதில்லை. அவர்களும் தத்தம் வீட்டாருக்கு இதையேதான் சொல்லியிருக்கிறார்கள். ஊரில் இருப்போர் கலங்கக் கூடாது, மகளுக்கு வரும் வரன் தட்டிப்போகக் கூடாது என்ற நினைப்பில் கட்டிக் காக்கும் பொய் அது. தொண்டர் எடுத்த படம் செல்பேசிக்குச் செல்பேசி தாவி அந்தக் கிராமத்தைச் சென்றடைய ஒரு நாள் போதும். பத்து ஆண்டுகளாக அவர் காத்த மானம் ஒரு கம்பளியின் விலைக்குப் போய்விடும். வாய்மையைப் போற்றுவோருக்கு இந்தப் பொய் உறுத்தலாம். தீமை பயவாத சொல்லையே வாய்மை என்று கொண்ட மரபில் வந்தவர்களுக்கு அந்த உறுத்தல் நெடுநேரம் நீடிக்காது.

மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் இன்று வேரூன்றி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், பாட்டனார் முதல் சில மாதங்களை எங்கே கழித்தார் என்ற கேள்விக்குத் தெளிவான விடை இருக்காது. தாராவிக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்குச் சென்றவர்களும் ஊருக்கு எழுதிய கடிதங்களில் எல்லாவற்றையும் எழுதியிருக்கமாட்டார்கள்.

இரவில் வரும் அலுவலர்

வீடற்றவர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்குத் தேர்தல் ஆணையம் வகுத்த நெறிமுறை ஒன்று உண்டு. முகவரிச் சான்று அவரிடம் கேட்கப்படமாட்டாது. படிவம் 6-இல் அவர் குறிப்பிட்ட இடத்துக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவு நேரத்தில் சென்று, அவர் உண்மையிலேயே அங்கே உறங்குகிறாரா என்று பார்த்து உறுதி செய்ய வேண்டும். உறங்கும் இடமே முகவரியாகிறது. பெயர் பதிவானால் நடைமேடைக்காரர் தொகுதியின் வாக்காளர் ஆகிறார். படிவத்தை நிரப்பிக் கொடுப்பதும், அலுவலர் வரும் இரவுகளில் அவரை வெளியே வேலைக்குப் போகவிடாமல் இருத்திவைப்பதும் தொண்டரின் பணி. பின்னது கடினம். ஓர் இரவு வேலையை விட்டால் ஒரு நாள் கூலி போயிற்று. அதை ஈடுகட்டுவது யார் என்ற கேள்விக்குப் படிவத்தில் கட்டமில்லை.

தீபாவளி கழிந்த ஆறாம் நாள் சட் பூஜை. அதற்கு ஒரு வாரம் முன்பே விடுதிகள் வெறிச்சோடத் தொடங்கும். பீகாருக்குச் செல்லும் இரயில்களில் நிற்கவும் இடமிருக்காது. சேமித்த பணத்தைச் சட்டையின் உட்பையில் தைத்துக்கொண்டு, குழந்தைகளுக்குப் புதுத்துணியுடன் அவர்கள் புறப்பட்டுவிடுவார்கள். பெரும்பாலோர் சொல்லிக்கொண்டு போவதில்லை. நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை தில்லியில் குளிர்காலச் சிறப்பு ஏற்பாடுகள் நடைபெறும். அதற்குள் பழைய கம்பளிகளை எல்லாம் வெளியே எடுத்து, மூட்டைப்பூச்சி போக வெயிலில் விரித்து, துவைக்க வேண்டியவற்றைத் துவைத்து, கிழிசலைத் தைத்து அடுக்கியாக வேண்டும். சூரியனுக்கு அர்க்கியம் விட்டுவிட்டு அவர்கள் திரும்பி வருவதற்கும் குளிர் இறங்குவதற்கும் சரியாக இருக்கும்.